ஏணிப்படியில் நின்ற கேப்டன்

முதலில் ஒரு விடுகதை. ஊரெல்லாம் மழை கொட்டினாலும் ஒரு துளி விழாத களம். எந்த நேரம் போனாலும் ஒரே அளவு வெயில் அடிக்கும் களம். வாசிப்பு நின்றால் பாயோடும் பண்டத்தோடும் காணாமல் போய், வாசிப்பு தொடங்கினால் பாயோடும் பண்டத்தோடும் திரும்பி வரும் களம். அது எது?

அவிழ்க்க முடியாதவர்கள் மதுரைக்குத் தெற்கே குருவித்தோப்பில் அப்பளக்காரத் தெருவுக்குப் போய்க் கேளுங்கள். பால் பாக்கெட் வாங்கப் போகும் பிள்ளைகூட நடந்துகொண்டே சொல்லிவிடும்: “மைக் செட்டுக்காரர் ஷெட்டுக்குப் பின்னாடி.”

மைக் செட்டுக்காரரின் பெயர் தவமணி. அவர் மனைவி பாண்டிச்செல்வி அந்தத் தெருவின் மற்றப் பெண்களைப் போலவே அப்பளம் தேய்ப்பவர். அவர்களுடைய ஒரே மகள் சிந்துஜா ஆறாம் வகுப்பு. ஒரு மெல்லிசைக் குழு கலைந்தபோது யாருக்கும் வேண்டாம் என்று தவமணியிடம் விட்டுச்சென்ற கீபோர்டு ஒன்று ஷெட்டில் கிடந்தது. அதில் இரண்டு கட்டைகள் பேசாது. மீதிக் கட்டைகள் போதும் என்று சிந்துஜா ஏழு வயதிலேயே முடிவு செய்துவிட்டாள்.

வேற்றுக்கிரகப் படம் தமிழில் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாம் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு வந்து துப்பாக்கிச் சண்டை போடுவார்கள். சிந்துஜா மட்டும் நேராக ஷெட்டுக்குப் போய், அந்தப் படத்தில் இல்லாத பாட்டைப் போடுவாள். பனிப்பெட்டிக்குள் நூறு வருடம் தூங்கியவர்கள் கண்விழிக்கும்போது கேட்க வேண்டிய பாட்டு, ஒற்றைக்கண் இயந்திரத்துக்குச் சார்ஜ் தீரும்போது கேட்க வேண்டிய பாட்டு, பூமி ஒரு கடுகு அளவுக்குச் சிறுத்துப்போனதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது கேட்க வேண்டிய பாட்டு என்று பதினான்கு பாட்டுகளைத் தானே கண்டுபிடித்த குறிகளால் ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கப்பலின் இஞ்சின் சத்தத்துக்கு அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் இரைச்சலை எடுத்துக்கொள்வாள். தாளத்துக்கு அம்மாவின் கையை எடுத்துக்கொள்வாள். பாண்டிச்செல்வி பலகையில் மாவை வைத்து மூன்று தள்ளு, ஒரு திருப்பு, மூன்று தள்ளு, ஒரு திருப்பு என்று தேய்க்கும் அதே கணக்கில்தான் சிந்துஜாவின் விண்கப்பல்கள் எல்லாம் பறந்தன.

சனிக்கிழமை காலையில் டிவியில் ஒரு விண்கப்பல் தொடர் வந்துகொண்டிருந்தது. அதன் கேப்டன் ஒரு பெண். ஒன்பதாவது வாரம் கப்பல் ஒரு சிவந்த கிரகத்தில் இறங்கியது, கதவு திறந்தது, அந்த நேரம் பார்த்துக் குருவித்தோப்பில் கரண்ட் போனது. பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தபோது கேப்டனின் இடது கால் ஏணியின் கீழ்ப்படியில் இருந்தது, வலது கால் அந்தரத்தில் தூக்கியிருந்தது, அதோடு ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள். ஆனால் தொடரவில்லை. அடுத்த சனிக்கிழமை அந்த நேரத்தில் சமையல் நிகழ்ச்சி வந்தது, அதற்கடுத்த சனிக்கிழமையும் சமையல்தான்.

“டிவிக்காரன் முடிக்கலேன்னா நான் முடிக்கிறேன்” என்றாள் சிந்துஜா.

“முடி தாயி” என்றார் தவமணி. “ஆனா இஞ்சின் சத்தத்துக்கு என் பெரிய ஆம்ப்ளிஃபயரத் தொடாத. கல்யாண ஆர்டர் இருக்கு.”

அவள் அந்தப் பாட்டை நான்கு பகுதிகளாகப் பிரித்தாள். கப்பல் இறங்குவது முதல் பகுதி, கதவு திறப்பது இரண்டாவது, சிவந்த தரை மூன்றாவது, முடிவு நான்காவது. மூன்றாம் பகுதியை அவள் எழுதி முடித்தபோது ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது.

அப்பளக்காரத் தெருவுக்கு மழை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். தேய்த்த அப்பளம் அன்றே காய வேண்டும். காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அதற்காகச் சுள்ளென்ற வெயிலில் போட்டாலும் ஓரம் சுருண்டு ஒடிந்துபோகும். நிழலும் வெயிலும் பாதிப் பாதியாக இருக்கிற இடம் வேண்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அப்படி ஓர் இடம் அந்தத் தெருவில் கிடையாது. அந்த இரண்டு மாதமும் பலகைகளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வீடுகளில் ஒரு நேர அடுப்புதான் எரியும்.

அப்படி ஒரு சாயங்காலம் சிந்துஜா மூன்றாம் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஷெட்டுக்குள் புகுந்த மழைத்தண்ணீரைச் சாக்கடைப் பக்கம் தள்ளிவிடலாம் என்று தவமணி பின்பக்கத்து ஷட்டரைத் தூக்கினார். அங்கே சாக்கடை இல்லை. சிவந்த மணல் தரை, சுண்ணாம்பு வெளுப்பில் சின்னச் சூரியன், வானத்தில் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் இரண்டு நிலா, சற்றுத் தொலைவில் மூன்று காலில் நிற்கும் ஒரு கப்பல், அதன் ஏணியில் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அசையாமல் கேப்டன். தவமணி கையிலிருந்த விளக்குமாற்றோடு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார். பாண்டிச்செல்வி வந்து பார்த்துவிட்டு அப்பளக்காரர் மகளிர் குழுத் தலைவி தங்கப்பேச்சியைக் கூப்பிட்டார். தங்கப்பேச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழையில் ஓடிவந்து, ஷட்டருக்கு அந்தப் பக்கம் கையை மட்டும் நீட்டி, புறங்கையைச் சூரியனுக்குக் காட்டி, நூறு எண்ணும்வரை நின்றார்.

“அரை வெயிலு” என்றார். “அப்பளத்துக்குன்னே அளந்து வச்ச மாதிரி இருக்கு. ஏய் செல்வி, விளக்குமாத்த எடு. பெருக்காம பாய் விரிக்கக் கூடாது.”

அன்றே பெருக்கினார்கள். கப்பல் வரைக்கும் பெருக்கினார்கள், கப்பலைச் சுற்றிப் பெருக்கினார்கள், தெருக்களத்தை எப்படிப் பெருக்குவார்களோ அப்படியே ஒரு கல், ஒரு சுவடு இல்லாமல் வரிவரியாகப் பெருக்கிவிட்டு, நாற்பது பாய் விரித்தார்கள்.

களத்துக்கு ஒழுங்குமுறைகள் தாமாகவே வந்தன. பள்ளிக்கூட நாட்களில் மாலை நாலரை முதல் ஆறரை, சனி ஞாயிறு காலையும் உண்டு. சிந்துஜா மூன்றாம் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். வாசிப்பு இருக்கும்வரை களம் இருக்கும். ஒருநாள் நடுவில் கரண்ட் போய், உள்ளே பாய் திருப்பிக்கொண்டிருந்த மும்தாஜ் களத்தோடு சேர்ந்து காணாமல் போனார். அவர் வீட்டுக்காரர் ஷட்டரைத் தட்டிக்கொண்டே நின்றார். ஒரு மணி நேரம் கழித்து வாசிப்பு தொடங்கியதும் மும்தாஜ் வெளியே வந்து, “என்ன எல்லாரும் எம் மூஞ்சிய இப்பிடிப் பாக்கிறீக? இந்தா இப்பத்தான போனேன்” என்றார். வாசிப்பு இல்லாத நேரத்தில் அங்கே நேரமும் இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். தவமணி ஒரு பேட்டரியை இணைத்து வைத்தார்.

கவுன்சிலர் வந்து, இது எந்த வார்டு என்று கேட்டார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, புறம்போக்கா பட்டாவா என்று பதிவேட்டைப் புரட்டிவிட்டு, இரண்டும் இல்லை என்று போய்விட்டார். அமாவாசை விரதக்காரர்கள் எந்த நிலாவைக் கணக்கில் எடுப்பது என்று இரண்டு நாள் பேசி, நம் நிலாவே போதும் என்று முடித்துக்கொண்டார்கள். கார்த்திகை தொடங்கும்போது அந்தத் தெருவில் எல்லா அடுப்பும் இரண்டு நேரமும் எரிந்தது.

அந்தக் களத்துக்கு அப்பளக்காரத் தெருவே போய்வந்தது. போகாத ஒரே ஆள் சிந்துஜாதான். அவள் வாசித்தால்தான் களம், களத்துக்குப் போனால் வாசிப்பு இல்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஸ்பீக்கர் பெட்டிகளின் இடுக்கு வழியாக மணலும் ஒரு நிலாவும் மட்டும் தெரியும். கப்பல்காரம்மா எப்படி இருக்கிறார் என்று உள்ளே போய்வருபவர்களிடம்தான் கேட்பாள்.

அவள் நான்காம் பகுதியைத் தொடங்கினாள். கேப்டன் தரையில் கால் வைக்க வேண்டும் என்பதுதான் முடிவு. ஆகவே மேல் ஸ்வரத்திலிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும் ஒரு வரி எழுதி வாசித்தாள். மும்தாஜ் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “ஏத்தா, கப்பல்காரம்மா காலு ஒரு விரக்கடை இறங்கியிருக்கு.”

கால் மட்டுமல்ல. களத்தின் கடைசியில் ஒரு பாய் வரிசை அளவுக்குப் புதுத் தரை சேர்ந்திருந்தது. அடுத்த வரிக்கு இன்னொரு விரற்கடை, இன்னொரு வரிசை. தங்கப்பேச்சி கயிறு பிடித்து அளந்து பார்த்து, கேப்டன் தரையில் கால் வைத்துவிட்டால் களம் எப்போதைக்கும் நிலைத்துவிடும், வாசிப்புகூடத் தேவைப்படாது என்று சொன்னார், அதை எல்லாரும் நம்பினார்கள். வருகிறவருக்கு முதல் சாப்பாடு யார் வீட்டில் என்று சண்டை வந்தது. சேலைக்குச் சட்டை தைக்க, மும்தாஜ் கண்ணளவாலேயே கேப்டனின் தோளை அளந்துவைத்தார். ஆரத்தித் தட்டு தயாராக இருந்தது. “உடுப்பு இம்புட்டு கனமா இருக்கே, வந்ததும் முதல்ல மோர் குடுக்கணும்” என்றார் ஒருவர். “மோரு எதுக்கு, மழைக்குச் சுக்குக் காப்பி குடு” என்றார் இன்னொருவர். “அவகளுக்கு எங்கிட்டு மழை பெய்யுது?” என்று மும்தாஜ் கேட்டார்.

ஐந்து விரற்கடை இறங்கியது. இன்னும் நான்கு இருந்தது. அங்கே கால் நின்றுவிட்டது.

சிந்துஜா எந்த வரி எழுதினாலும் கால் அசையவில்லை. மெதுவாக இறங்கிப் பார்த்தாள், வேகமாக இறங்கிப் பார்த்தாள், பேசாத கட்டைகளைத் தாண்டி இறங்கிப் பார்த்தாள், அழித்தாள், எழுதினாள், பள்ளிக்கூட மதிய இடைவேளையில் பெஞ்சில் விரலால் தட்டிப் பார்த்தாள், வீட்டுக்கு வந்து மறுபடி அழித்தாள். பதினொரு நாள் இப்படிப் போனது. நோட்டில் தாள் கிழிகிற அளவுக்கு அழித்திருந்தாள்.

“விட்டுரு தாயி” என்றார் தவமணி. “இம்புட்டு வந்ததே பெருசு.”

“விட மாட்டேன்.”

“சாப்பிட்டுட்டாவது விடாம இரு.”

பன்னிரண்டாம் நாள் அவள் கீபோர்டிலிருந்து எழுந்து, அம்மாவிடம் போனாள். பாண்டிச்செல்வி கடைசி உருண்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அவங்கள நேர்ல பாக்கணும்மா. நீ வாசி.”

“எனக்கு எங்கடி தெரியும்?”

“உன் கைதான் அந்தப் பாட்டு. மூணு தள்ளு, ஒரு திருப்பு. கட்டை எதுன்னு நான் சாக்பீஸ்ல குறிச்சுத் தாரேன்.”

பாண்டிச்செல்வி மாவுக் கையைக் கழுவிவிட்டு, கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து, கட்டைகளைப் பலகையில் தள்ளுவது போலத் தள்ளினார். பாட்டு தடித்து, நொண்டி, ஆனாலும் விடாமல் வந்தது. ஷட்டருக்குப் பின்னால் களம் வந்தது. சிந்துஜா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தான் எழுதிய தரையில் அவள் முதல்முறையாக நடந்தாள். மணல் குளிர்ச்சியாக இருந்தது. பாய்களைத் தாண்டி, கப்பலின் மூன்று கால்களுக்கு நடுவே போய், ஏணியின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தாள். கேப்டன் ஏணியைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஏணியில் இறங்குகிறவரும் அப்படித்தான் நிற்பார், ஏறுகிறவரும் அப்படித்தான் நிற்பார். இரண்டு கைகளும் மேல்படியை இறுகப் பிடித்திருந்தன. தூக்கியிருந்த காலின் அடியைச் சிந்துஜா குனிந்து பார்த்தாள். பூட்ஸ் அடியின் வரிப்பள்ளங்களில் எல்லாம் செம்மண் அடைந்திருந்தது.

இன்னும் தரையில் வைக்கவில்லை என்று எல்லாரும் நினைத்திருந்த கால் அது.

அவள் மண்டியிட்டு ஏணிக்கு அடியில் ஊர்ந்து போனாள். கப்பலின் வயிறு தாழ்ந்திருந்ததால் அந்த ஒரு முழ இடத்துக்குள் விளக்குமாறு நுழைந்திருக்கவில்லை. அங்கே அதே வரிப்பள்ளங்களின் அச்சோடு இரண்டு காலடிகள் பதிந்திருந்தன. ஒன்று போகிறது, ஒன்று வருகிறது.

“தங்கப்பேச்சி அத்தை” என்று கூப்பிட்டாள். “இங்க கொஞ்சம் வாங்க.”

தங்கப்பேச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“மொத நா நாந்தான் பெருக்கினேன்” என்றார். “பள்ளம் பள்ளமா நெறையக் கெடந்துச்சு. அந்தக் கல்லு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துச்சு. காத்து பண்ணின வேலைன்னு நெனச்சுப் பெருக்கிட்டேன்.”

“அவங்க இறங்கிக்கிட்டு இல்ல அத்தை. கரண்ட் போன பன்னெண்டு நிமிசத்துலயே இறங்கி, சுத்திப் பாத்துட்டு, திரும்பி ஏறிக்கிட்டு இருக்காங்க. வீட்டுக்குப் போறாங்க. நான்தான் அஞ்சு விரக்கடை கீழ இழுத்திருக்கேன்.”

சிந்துஜா வெளியே வந்து, அம்மாவின் கை ஓயும் முன் கட்டைகளை வாங்கிக்கொண்டு, கீழிருந்து மேலே ஏறும் ஒரு வரியை யோசிக்காமல் வாசித்தாள். பதினொரு நாளாக வராத வரி தானே வந்தது. உள்ளே கால் ஒரு விரற்கடை மேலே போனது. களத்தின் கடைசி வரிசைத் தரை சுருங்கி, அதிலிருந்த பாய்கள் முந்தின வரிசைப் பாய்களின் மேல் ஏறிக்கொண்டன. பெண்கள் ஓடி அப்பளத்தை அள்ளினார்கள்.

அன்றைக்கு வாசிப்பை அதோடு நிறுத்தினாள். ஷெட்டிலேயே கூட்டம் கூடியது. ஓட்டிலிருந்து ஒழுகிய இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டு, எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“ஏறிப் போனா என்ன ஆகும்?” என்று மும்தாஜ் கேட்டார்.

“கப்பல் போயிரும். கப்பலோட தரையும் போயிரும்” என்றாள் சிந்துஜா.

“இறங்கினா?”

“நாலு விரக்கடைதான் இருந்துச்சு. இப்ப அஞ்சு. அவங்க பிடிச்ச பிடிய விடுற மாதிரி ஒரு வரி போட்டா இறங்கிருவாங்க. அது எப்பிடின்னு இப்பத் தெரியும்.”

“அப்ப அதையே போடு” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “வந்து நம்மளோட இருக்கட்டும். நாம என்ன பட்டினியா போடப் போறோம்?”

“தங்கச்சியா பாத்துக்குவோம்” என்றார் இன்னொருவர்.

“அவங்க வரணும்னு நிக்கல” என்றாள் சிந்துஜா.

“ஒனக்கு எப்பிடித் தெரியும், ஒரு கதையில வர்ற ஆளோட மனசு?”

“கையப் பாத்தேன்.”

தங்கப்பேச்சி வாளியைத் தாண்டி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“இந்தா பாரு சிந்து. நான் பொய்யா பேச மாட்டேன். மழை இன்னும் ஒரு மாசம் இருக்கு. அடுத்த வருசமும் வரும், அதுக்கடுத்த வருசமும் வரும். அந்தத் தரை இருந்தா இந்தத் தெருவில யாரும் வானத்தப் பாத்து ஒக்கார வேண்டியதில்ல. அந்தக் காலடிய நீயும் நானும் மட்டும்தான் பாத்தோம். நான் பெருக்கிட்டேன்னா அதுவும் இருக்காது.”

“பெருக்குங்க அத்தை. நான் பாத்ததப் பெருக்க முடியாதே.”

“வாயப் பாரு, அப்பிடியே அப்பன் வாயி” என்றார் தங்கப்பேச்சி. யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “நாளைக்கு மறுநா திங்கக்கெழம. அதுவரைக்கும் யோசி. நீ எதை வாசிச்சாலும் நான் ஒங்க வீட்டுப் படி ஏறாம இருக்க மாட்டேன். ஆனா நீ அவளை அனுப்பிட்டா எனக்கு வருத்தம் இருக்கும். ரொம்ப நாளைக்கு இருக்கும். அதயும் இப்பவே சொல்லிர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சிந்துஜா இரண்டு முடிவுகளையும் எழுதினாள். இறங்கும் முடிவைக் கவனமாக, ஒரு பிசிறு இல்லாமல் எழுதினாள். அது நன்றாகவே இருந்தது, கேட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. ஏறும் முடிவையும் எழுதினாள். அதில் கடைசி இரண்டு ஸ்வரங்கள் பேசாத கட்டைகளில் விழுந்தன. வேறு கட்டைக்கு மாற்றிப் பார்த்தாள், பொருந்தவில்லை. அந்த இரண்டையும் வாயால் பாடிவிடலாம் என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்தார். எதை என்று கேட்கவில்லை. ஒரு தட்டில் சோறு வைத்து, மேலே சுட்ட அப்பளம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அது அந்தக் களத்தில் காய்ந்த அப்பளம். சிந்துஜா அதை முழுதாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலமும் மழை பெய்தது. நாலரை மணிக்கு அவள் மூன்றாம் பகுதியைத் தொடங்கினாள். பெண்கள் உள்ளே போய், யாரும் சொல்லாமலே, கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொரு பாயாகச் சுருட்டி வெளியே கொண்டுவந்தார்கள். எந்த முடிவாக இருந்தாலும் பண்டம் நஷ்டமாகக் கூடாது என்றார் தங்கப்பேச்சி. மும்தாஜ் தைத்த சட்டையைக் கேப்டனின் கப்பல் படியில் வைத்துவிட்டு வந்தார். வந்தவர்களைத் தவமணி தலை எண்ணினார், உள்ளே யாரும் இல்லை என்றார். எல்லாரும் ஷெட்டுக்குள் பாய்களோடு நெருக்கி நின்றார்கள்.

சிந்துஜா நோட்டைத் திறந்து எதிரில் வைத்தாள். ஏறும் முடிவை வாசித்தாள். கடைசி இரண்டு ஸ்வரங்களை வாயால் பாடி முடித்தபோது, ஷட்டருக்குப் பின்னால் சாக்கடையில் மழை விழும் சத்தம் கேட்டது.